விசா மெடிக்கலில் பழைய டிபி தழும்பு: எனக்கு நடந்தது

பெரியபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். மெடிக்கலில் என்ன பார்ப்பார்கள் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

2014-இல் எனக்கு டிபி வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் மாத்திரை, ஒரு பைசா செலவில்லை, முழுசாகக் குணமாயிற்று. 2016-இல் சவுதி வேலைக்கு மெடிக்கல் போனேன். வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கான இந்த மெடிக்கல் ஏற்பாட்டை அப்போது காம்கா என்பார்கள், இப்போது வாஃபித். ஆன்லைனில் 10 டாலர் கட்டிச் சீட்டு எடுக்க வேண்டும், பரிசோதனைக்கான பணம் தனி. உயரம், எடை, பிரஷர், கண், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, அப்புறம் ரத்தத்தில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி என்று பார்த்தார்கள். எல்லாம் சரி, எக்ஸ்ரேயில் மட்டும் வலது நுரையீரலின் மேல்பக்கம் தழும்பு. அன்ஃபிட். குணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். வளைகுடா விதியில் ஆறிப்போன தழும்பும் ஆகாது என்றார்கள். ஊர் வந்து சேரும்வரை வாப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வாரமே ஒரு ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து, வேறு ஆள் எக்ஸ்ரேயை வைத்து ஃபிட் வாங்கித் தருகிறேன் என்றார். தயவுசெய்து யாரும் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே இறங்கியதும் இக்காமாவுக்கு, அதாவது சவுதியில் தங்கும் அனுமதி அட்டைக்கு, மறுபடியும் மெடிக்கல் எடுப்பார்கள், அதில் மாட்டினால் திருப்பி அனுப்புவார்கள், கொடுத்த காசும் போகும், கடனும் நிற்கும். எங்கள் தெருவிலேயே ஒருவர் இப்படி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கல்யாணம். மனைவி அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், அதனால் எனக்குக் குடியேற்ற விசா. நேர்காணல் மும்பையில், மெடிக்கல் சென்னையில். தூதரகம் குறித்துக் கொடுத்த டாக்டர்களிடம்தான் எடுக்க வேண்டும், நம் குடும்ப டாக்டர் சான்றிதழ் செல்லாது. அமெரிக்க மெடிக்கலில் 2010-லிருந்து எச்ஐவி பரிசோதனை கிடையாது. தடுப்பூசி விவரம் கேட்டுக் குறைந்ததைப் போடுவார்கள். அம்மை நோய் வந்திருந்ததா என்று கேட்டார்கள், உம்மாவுக்கு போன் போட்டு எந்த வயசில் என்று கேட்டுச் சொன்னேன். எக்ஸ்ரேக்குச் சட்டை, செயின், தாயத்து எல்லாம் கழற்றச் சொல்வார்கள், தாயத்தை வைக்க ஒரு சின்னப் பை கொண்டுபோங்கள்.

டிபி வந்ததை நான் மறைக்கவில்லை. உம்மா ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்த 2014 எக்ஸ்ரேயையும் மாத்திரை அட்டையையும் கொடுத்தேன். கடற்காற்றில் ஃபிலிம் ஓரமெல்லாம் பூசணம் பிடித்து உறையோடு ஒட்டியிருந்தது, டாக்டர் பொறுமையாகப் பிரித்தெடுத்தார். வெளிச்சப் பெட்டியில் புதுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, தழும்பின் மேல் விரலை வைத்து, "அதே அளவு, வளரலை" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் சளி எடுத்தே ஆக வேண்டும். மூன்று நாள், தினமும் காலையில் வெறும் வயிற்றில். மண்ணடியில் ரூம் போட்டுத் தங்கினேன். முதல் நாள் வந்தது வெறும் எச்சில், அது உதவாது என்றார்கள். நன்றாக மூச்சை இழுத்து நெஞ்சின் அடியிலிருந்து இருமினால்தான் சளி வரும். சளியில் டிபி கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்ப்பதுதான் கல்ச்சர், அதன் முடிவுக்கு 8 வாரம் ஆகும், அதுவரை டிக்கெட் போடாதீர்கள். முடிவு நெகட்டிவ். இப்படித் தழும்பு உள்ளவர்களுக்கு மெடிக்கல் 3 மாதம்தான் செல்லும், மற்றவர்களுக்கு 6 மாதம், அதைக் கணக்குப் பண்ணி நேர்காணல் தேதி வாங்குங்கள். எனக்கு விசா கிடைத்தது. வளைகுடா தள்ளிய அதே நுரையீரல்தான்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி:
அண்ணே, உங்கள் பதிவைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நான் வீட்டுக்காரரோடு இங்கிலாந்து போக டிபி டெஸ்ட் எடுத்தேன். 6 மாதத்துக்கு மேல் தங்குகிற விசாவுக்குத்தான் அது, சான்றிதழும் 6 மாதம் செல்லும். எனக்கு அப்போது நாள் தள்ளிப் போயிருந்தது. கூட மாமியார் நின்றதால் சொல்லக் கூச்சம், எக்ஸ்ரே அறைக் கதவு வரை போய்விட்டேன். உள்ளே இருந்த அக்கா நேரடியாகக் கேட்டதும் சொல்லிவிட்டேன். வயிற்றை மறைக்கக் கவசம் போட்டு எடுக்கலாம், இல்லையென்றால் சளிப் பரிசோதனை, இல்லையென்றால் பிரசவத்துக்கு அப்புறம் எடுக்கலாம் என்று மூன்று வழி சொன்னார்கள். நான் கவசம் போட்டு எடுத்தேன், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண்பிள்ளைகளே, அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தொண்டியிலிருந்து:
காக்கா, எங்க வாப்பாவுக்கும் பழைய டிபி, ஆனால் கையில் ஒரு காகிதமும் இல்லை. அமெரிக்காவுக்கு லாத்தா, அதான் எங்க அக்கா, கூப்பிடுகிறாள். என்ன செய்வது?

பெரியபட்டினம்:
தம்பி, மாத்திரை வாங்கிய அரசு ஆஸ்பத்திரியின் டிபி பிரிவுக்கு வாப்பாவையே கூட்டிப் போ. எந்த வருஷம், எத்தனை மாதம் என்று சொன்னால் பதிவேட்டில் பார்ப்பார்கள், நிக்ஷய் எண் (அரசு டிபி பதிவு எண்) இருந்தால் சீக்கிரம் கிடைக்கும். சிகிச்சை முடித்ததற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள். வாப்பாவுக்கு இருமல் இருந்தால் அன்றைக்கே சளியும் கொடுத்துவிட்டு வா.