நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் 2021: 3 ஜெயிச்சு 9 தோத்த (3-9) டீமை நல்ல டீம்னு சொல்றது நியாயமா?

லிங்கன் மாறன்:
காலைல இருந்து எரிச்சலா இருக்கு. நேத்து சோளக்காட்டான் எழுதினதைப் பாருங்க: "2021 நெப்ராஸ்கா நல்ல டீம், அதிர்ஷ்டம்தான் இல்ல, சீசன் பூரா கூட்டிப் பார்த்தா எதிர் டீம்களை விட 63 பாயின்ட் ஜாஸ்தி." 12 மேட்ச்ல 9 தோத்த டீம் நல்ல டீமாம். அந்த 63 எங்க இருந்து வந்துச்சு? ஃபோர்டாம் 52-7, பஃபலோ 28-3, நார்த்வெஸ்டர்ன் 56-7. இந்த மூணுலயே 119 வந்துடுச்சு. மிச்ச ஒம்போதுல மைனஸ் 56. மூணு நாள் கல்யாணச் சாப்பாடு, ஒம்போது நாள் பட்டினி, இவனைப் போயி வயிறார சாப்பிட்டவன்னு சொல்வீங்களா?

சோளக்காட்டான்:
அண்ணே நீங்களே கணக்கு போட்டுக் குடுத்துட்டீங்க, நன்றி. ஒம்போது தோல்விக்கும் சேர்த்தே 56 தான். ஒரு மேட்ச் கூட 9 பாயின்ட்டுக்கு மேல தோக்கல. அந்த வருஷம் பிளேஆஃப் (சாம்பியனை முடிவு பண்ற கடைசிச் சுற்று) போன மிச்சிகன்கிட்ட 32-29, ஓஹையோ ஸ்டேட்கிட்ட 26-17. மட்டமான டீம் இப்படியா தோக்கும்? 63 ன்னா 63 தான்.

அயோவா மதி:
எங்க அயோவாகிட்ட 21-6 முன்னாடி இருந்துட்டு 28-21 தோத்தீங்களே, அதையும் அந்த 63 ல சேர்த்தாச்சா?

லிங்கன் மாறன்:
மதி சொல்றது வலிக்குது, ஆனா உண்மை. நம்ம பன்ட்டை (பந்தை எதிராளிகிட்ட விட்டுக்குடுக்கும்போது தூரமா உதைக்கிறது) மறிச்சு டச் டவுன் (கோட்டைத் தாண்டி 6 பாயின்ட்) போட்டாங்க, அங்கயே மேட்ச் திரும்பிடுச்சு. இலினாய்ஸ்ல சொந்த கோட்டு பக்கத்துல பன்ட்டைப் பிடிச்சு சேஃப்டி (எதிராளிக்கு 2 பாயின்ட்) குடுத்தோம். ஓக்லஹோமா, டச் டவுனுக்கு அப்புறம் நாம உதைச்ச எக்ஸ்ட்ரா பாயின்ட் உதையை மறிச்சு அந்தக் கோடி வரைக்கும் ஓடி 2 பாயின்ட் எடுத்தாங்க. மிச்சிகன் ஸ்டேட் மேட்ச்ல செகண்ட் ஹாஃப் முழுக்க அவங்க ஆஃபென்ஸ் ஒரு ஃபர்ஸ்ட் டவுன் (நாலு முயற்சிக்குள்ள 10 யார்டு) கூட எடுக்கல, 20-13 நாம முன்னாடி, கடைசி நாலு நிமிஷம், அங்க போயி நாம பன்ட் அடிக்க, நம்ம ஆளுங்க ஒரு பக்கம் ஓட பந்து இன்னொரு பக்கம் போகுது, அவங்க ஆளு 62 யார்டு தூக்கிட்டு ஓடிட்டான், ஓவர்டைம்ல 23-20. ஒம்போது தடவையுமா சனி பிடிக்கும்? ஸ்பெஷல் டீம்ஸை (உதைக்கிற நேரத்துல இறங்கற ஆளுங்க) ஒழுங்கா பயிற்சி குடுக்கலன்னு அர்த்தம்.

சோளக்காட்டான்:
ஒரு உதை தப்பா போனதுக்கு கோச் என்ன பண்ணுவார்? அந்த உதை சரியா போயிருந்தா ஜெயிச்சிருப்போமா இல்லையா, அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. 63.

தெருப்பந்து:
கையில பிடிச்சுக்கிட்டு ஓடற ஆட்டத்துக்கு ஃபுட்பால்னு பேரு வச்சதே தப்பு, இதுல இவ்ளோ சண்டையா?

லிங்கன் மாறன்:
தம்பி, மேல படிச்சிட்டு வாங்க. இந்த சீசன் நாசமானதே காலால உதைச்ச இடத்துலதான்.

ஒமாஹா ரவி:
எனக்கு நம்ம கோச் ஃப்ராஸ்ட் மேல கோபமே வரல. 1997 ல நம்ம குவார்ட்டர்பேக்கா (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தறவர்) சாம்பியன் ஆனவர், 2017 ல சென்ட்ரல் ஃபுளோரிடாவை 13-0 ஆக்கினவர். ஆணிவேரே வேற. வருஷா வருஷம் 9 மேட்ச் ஜெயிச்ச பழைய கோச் பெலினியை 2014 ல அனுப்பினீங்களே, அன்னைக்குப் பிடிச்ச வினை.

சோளக்காட்டான்:
ரவி சார், பெலினி பேச்சை எடுக்காதீங்க. போன தடவையும் இதே மாதிரி நடுவுல புகுந்து பேச்சை மாத்தினீங்க.

ஒமாஹா ரவி:
போன தடவை நீங்கதான் பதில் சொல்லாம ஓடினீங்க.

சோளக்காட்டான்:
யாரு ஓடினது? அன்னைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட்.

லிங்கன் மாறன்:
உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கங்க. சோளக்காட்டான், நான் குளிர்ல அந்த மெமோரியல் ஸ்டேடியத்துல உக்காந்து பார்த்தவன். 1962 ல இருந்து ஒரு டிக்கெட் மிச்சமில்லாம விக்கற ஸ்டேடியம் அது. மிச்சிகன் மேட்ச்ல 29-29, ரெண்டு நிமிஷத்துக்கும் கம்மி, பந்து நம்ம கையில, அதைப் பிடுங்கிட்டுப் போயி ஃபீல்டு கோல் (கம்பத்துக்கு நடுவுல உதைச்சு 3 பாயின்ட்) போட்டாங்க. என் பக்கத்துல இருந்த பெரியவர் தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு எந்திரிக்கவே இல்ல. அவர்கிட்ட போயி 63 ன்னு சொல்வீங்களா நீங்க? மைனஸ் 56 ல தான் நாங்க வாழ்ந்தோம்.

சோளக்காட்டான்:
நான் டிவில பார்த்தா எனக்கு வலிக்காதா? ஸ்டேடியம் போனவங்களுக்குத்தான் டீம் சொந்தமா?

அயோவா மதி:
அடுத்த வருஷமாவது அதிர்ஷ்டம் வந்துச்சா? அயர்லாந்துல 28-17 முன்னாடி இருக்கும்போது ஆன்சைட் கிக் (உதைச்ச டீமே பந்தைத் திரும்ப எடுக்கறதுக்காக கிட்டக்க உதைக்கிறது) அடிச்சு நார்த்வெஸ்டர்ன்கிட்ட 31-28. இதுவும் உதைதான்.

லிங்கன் மாறன்:
அதேதான்! 2021 முடிஞ்சதுமே ஃப்ராஸ்ட்டை அனுப்பியிருக்கணும். சம்பளத்தைக் குறைச்சு இன்னொரு வருஷம் குடுத்தாங்க, ஜார்ஜியா சதர்ன்கிட்ட 45-42 தோத்தப்புறம் செப்டம்பர் 11 ல அனுப்பினாங்க, மொத்தம் 16-31.

சோளக்காட்டான்:
2022 ஐ ஏன் இழுக்கறீங்க, நான் பேசினது 2021. அந்த ஒரு பன்ட் நேரா போயிருந்தா...

லிங்கன் மாறன்:
திரும்பவும் அந்த பன்ட்டா? ஒரு பன்ட் நேரா போனா 4-8. மிச்ச எட்டுக்கு என்ன சொல்லப் போறீங்க?

சோளக்காட்டான்:
எட்டும் ஒத்தை இலக்கத்துலதான அண்ணே.