கான்கூனில் ஓய்வாக ஒரு நாள்: பெற்றோருக்கு ஏற்ற கடற்கரை எது?

கேள்வி

வணக்கம். மே மாத இறுதியில் பெற்றோரை மெக்சிகோவின் கான்கூனுக்கு அழைத்துச் செல்கிறேன். சிச்சேன் இட்சா, துலூம் ஆகிய பழைய மாயா நகரங்களின் இடிபாடுகளுக்குப் போய்வந்த பின் எஞ்சும் ஒரு நாளில், எங்கும் ஓடாமல் கடலில் நனைந்து, அந்த மண்ணின் உணவை நிதானமாக உண்ண வேண்டும் என்பது எங்கள் ஆசை. முழங்கால் வலியுள்ள அப்பா அலை பலமாக அடித்தால் இறங்க மாட்டார். அம்மா சைவம். விடுதிக்கு எதிரிலுள்ள கடற்கரையே போதுமா?

பதில் 1

விடுதிகள் நிறைந்த கரையின் பெரும்பகுதி கிழக்கே திறந்த கரிபியக் கடலைப் பார்த்திருப்பதால் அங்கே அலையும் இழுப்பும் அதிகம். நீங்கள் செல்லும் பருவத்தில் சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசியும் அங்கு வந்து குவியலாம். ஆகவே புவெர்த்தோ ஹுவாரஸ் துறையிலிருந்து படகேறி இஸ்லா முஹேரஸ் தீவுக்குச் சென்றுவிடுங்கள். பயணம் ஏறத்தாழ 20 நிமிடம்தான். தீவின் வடமுனையிலுள்ள பிளாயா நோர்த்தே கடற்கரையில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். அலையும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். என் மாமியாருக்கும் முழங்கால் வலிதான். அவர் அந்தத் தண்ணீரை விட்டு வெளியே வர மறுத்ததை நான் மறக்கவே மாட்டேன். சாய்வு நாற்காலியை எடுக்குமுன் அதற்குத் தனி வாடகையா, குறிப்பிட்ட தொகைக்கு உணவு வாங்கினால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2

அங்கு முதன்மையான உணவு வேளை பிற்பகல் 2 மணிக்கு மேல்தான் என்பதால், காலையில் கடலாடிவிட்டு அந்நேரத்தில் உட்காருவதே பொருத்தம். நீங்களும் அப்பாவும் தீக்கின் ஷிக் என்ற மீனைத் தவறவிடாதீர்கள். அச்சியோத்தே விதையின் செந்நிற விழுதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றையும் பூசி, வாழையிலையில் வைத்து நெருப்பில் வாட்டும் மாயா மக்களின் சமையல் அது. இலையின் வாசம் மீனில் ஏறியிருப்பதை முதல் வாயிலேயே உணர்வீர்கள். மேசையில் இருக்கும் ஹபனேரோ மிளகாய்ச் சாறு, நம் காரத்துக்குப் பழகியவர்களுக்கும் கடுமையானது. ஒரு துளியில் தொடங்குங்கள். நீங்கள் கேட்காமல் ரசீது வராது, அதைக் கொண்டுவந்து நீட்டுவது விருந்தினரை எழுப்புவதாகும் என்பது அங்குள்ள மரியாதை. எழும் நேரத்தில் "லா குவேந்தா, போர் ஃபவோர்" என்றால் போதும்.

பதில் 3

அம்மாவுக்காக ஓர் எச்சரிக்கை. அவரை விதையில் செய்யும் ஃபிரிஹோலெஸ் பார்வைக்குச் சைவமாகத் தெரிந்தாலும் பல சமையலறைகளில் பன்றிக்கொழுப்பில் தாளிக்கப்படுகிறது. சோற்றையும் கோழிச்சாற்றில் வேகவைப்பதுண்டு. "சின் மாந்தேகா", அதாவது கொழுப்பு வேண்டாம் என்றும், "சின் கால்தோ தே போயோ", அதாவது கோழிச்சாறு வேண்டாம் என்றும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். நோப்பால் என்னும் சப்பாத்திக்கள்ளியைச் சுட்டுச் தோர்த்தியா என்னும் மெல்லிய சோள ரொட்டியில் வைத்துத் தரச் சொன்னால் அம்மா வயிறார உண்பார். வெண்ணெய்ப்பழ மசியலான குவாக்கமோலேயும் துணைக்கு உண்டு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சேவைப் பணம் எவ்வளவு வைப்பது? மாலையில் எப்போது திரும்பலாம்?

பதில் 1

ரசீதில் "செர்விசியோ", அதாவது சேவைக் கட்டணம், ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 10 முதல் 15 விழுக்காடு வரை மெக்சிகோ நாணயமான பெசோவிலேயே வையுங்கள். பிளாயா நோர்த்தேயிலிருந்து கதிரவன் கடலில் இறங்குவதைக் காணலாம் என்பதால் அதற்குமுன் கிளம்ப வேண்டாம். இறங்கியவுடனேயே துறையில் கடைசிப் படகின் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.