கேபிள் ஸ்டியரிங் இறுகிப் போச்சு, கிரீஸ் அடிச்சும் சரியாகல

கேள்வி: அலைவாய்க்கரை

19 அடி ஃபைபர் போட், 60 ஹெச்பி அவுட்போர்டு. கேபிள் ஸ்டியரிங்தான், கேபிள் முனையில இருக்கிற ராடு இன்ஜினோட டில்ட் டியூப் (இன்ஜினைத் தூக்கி இறக்குற அச்சுக் குழாய்) வழியா வருது. புதுச்சேரியில அக்டோபர்ல கரையேத்தி, மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்தது. ஜனவரியில இறக்கினா சக்கரத்தைத் திருப்ப முடியல. ராடு வெளிய நீளுற பக்கம் ஓரளவு வருது, உள்ள இழுக்கிற பக்கம் ரெண்டு கையும் போட வேண்டியிருக்கு. நிப்பிள்ல (கிரீஸ் ஏத்துற சின்ன முனை) கிரீஸ் அடிச்ச பிறகு இன்னும் இறுகிடுச்சு. கேபிள் போட்டு 5 வருஷம். சுத்தம் பண்ணா போதுமா, மாத்தியே ஆகணுமா?

பதில்: டிரான்சம் போல்ட்

கிரீஸ் அடிக்கும்போது ராடு வெளிய நீட்டியிருந்ததா? டில்ட் டியூப் நிப்பிள்ல கிரீஸ் ஏத்துறப்ப ராடு முழுக்க உள்ள போயிருக்கணும். நீட்டியிருக்கும்போது அடிச்சா, ராடு திரும்பி வரவேண்டிய இடத்தையெல்லாம் கிரீஸ் அடைச்சுக்கும். கிரீஸ் அமுங்காது, அதனால ராடு உள்ள வராம பூட்டிக்கும். மெர்குரி இன்ஜின் கம்பெனி கையேட்டுல இதை எச்சரிக்கையாவே போட்டிருக்காங்க, ஓடுற போட்ல திடீர்னு ஸ்டியரிங் பூட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. ஆனா உங்களுக்குக் கிரீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடியே இறுக்கம் இருந்திருக்கு. அதனால எதையும் வாங்காம முதல்ல பிரிச்சுப் பாருங்க.

இன்ஜினையும் ராடையும் சேர்க்கிற டிராக் லிங்கைக் கழட்டுங்க. இன்ஜினைக் கையால இடம் வலம் தள்ளிப் பாருங்க. 60 ஹெச்பி இன்ஜின் ஒரு ஆள் தள்ளினா சீரா திரும்பணும். அதுவே இறுக்கமா இருந்தா கோளாறு ஸ்விவல் பிராக்கெட்ல (இன்ஜின் இடம் வலம் திரும்புற தாங்கி), கேபிள்ல இல்ல. அங்க இருக்கிற நிப்பிள்கள்ல, மேலயும் கீழயும் பழைய கிரீஸ் பிதுங்கிப் புதுசு தெரியிற வரைக்கும் அடிக்கணும். கிரீஸ் ஏறலன்னா நிப்பிளே அடைச்சிருக்கும், கழட்டிப் புதுசு போடுங்க.

இன்ஜின் லேசா திரும்பினா, லிங்க் இல்லாமலே சக்கரத்தைச் சுத்துங்க. அப்பவும் இறுக்கமா இருந்தா டியூபோ, கேபிளோ, சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற ஹெல்மோ. ராடை டியூபை விட்டு வெளிய உருவி, மறுபடி சுத்துங்க. இப்ப லேசாயிட்டா டியூப்தான். இன்னும் இறுக்கம்னா ஹெல்ம்ல இருந்து கேபிளைக் கழட்டி, வெறும் சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. அது சுலபமா சுத்தினா கேபிள் போயிடுச்சுன்னு அர்த்தம்.

அலைவாய்க்கரை

ராடு நீட்டியிருந்தப்பதான் அடிச்சது. லிங்கைக் கழட்டியாச்சு, இன்ஜின் ஒரு கையாலயே திரும்புது. சக்கரம் இறுக்கம்தான். ராடு டியூபை விட்டு வரவே மாட்டேங்குது.

பதில்: கடலோர ஒர்க்‌ஷாப்

தம்பி, அவசரப்பட்டுச் சுத்தியலைத் தூக்காதீங்க. ராடு நுனியில நேரா அடிச்சா நுனி காளான் மாதிரி விரிஞ்சிடும், அப்புறம் அது டியூப் வழியா வரவே வராது.

கேபிள் டியூபுக்குள்ள நுழையிற பக்கம் பெரிய நட்டு இருக்கும், 1¼ அங்குலம். 32 மிமீ ஸ்பேனர் சேரும். அதை முழுக்கக் கழட்டுங்க. டியூபோட ரெண்டு வாயிலயும் துரு இளக்குற எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க. காலையில டியூபை ஹீட் கன்னால சுத்திச் சூடாக்குங்க. கேஸ் நெருப்பு வேண்டாம், பக்கத்துலயே பெட்ரோல் குழாய் போகுது. சூடு இருக்கும்போதே ராடை விட மெல்லிசான பித்தளைக் கம்பி ஒண்ணை நுனியில வெச்சு, நிதானமாத் தட்டுங்க. கால் அங்குலம் நகர்ந்தா எண்ணெய் விட்டு, திரும்ப வெளிய இழுத்து, மறுபடி தட்டுங்க. ஒரே திசையில தட்டிக்கிட்டே போனா துரு திரண்டு நிக்கும். பின்பக்கச் சுவர் தடுத்தா ராடு முழுசா வெளிய வராது, அப்ப இன்ஜினோட போல்ட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் தூக்க வேண்டிவரும். அதை ஒத்தையாச் செய்யாதீங்க.

டியூபோட உள்விட்டம் சுமார் 16 மிமீ. அந்த அளவு பித்தளைக் கம்பி பிரஷ்ஷை டிரில்ல மாட்டி மெதுவா ஓட்டுங்க. அப்புறம் மண்ணெண்ணெய் நனைச்ச துணியைக் குச்சியில சுத்தி உருவுங்க. முதல் துணி, மெழுகுல காபித்தூளைப் பிசைஞ்ச மாதிரிப் பழுப்பா வரும். அந்த மெழுகுதான் காஞ்ச பழைய கிரீஸ், அந்தத் தூள்தான் துரு. உப்புக் காத்துல மூணு மாசம் ஆடாம நின்னா இப்படித்தான் இறுகும். துணி வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க, பாதியில விட்டா ரெண்டே மாசத்துல திரும்ப இறுகும்.

ராடை 400 நம்பர் உப்புத்தாளை நனைச்சுத் தேய்ங்க. நகத்தை ஓட்டிப் பாருங்க. கறை மட்டும்னா போகும். நகம் மாட்டுற குழி இருந்தா அந்தக் கேபிளைத் திரும்பப் போடாதீங்க, குழியில உப்பு தங்கி அங்கிருந்தே மறுபடி அரிக்கும். நல்லா இருந்தா, தண்ணி தாங்குற மரைன் கிரீஸ் ராடு மேல மெல்லிசாப் பூசினா போதும்.

பதில்: நீரோட்டம்

ஒண்ணு சேர்க்கணும். கேபிள் உறையில ஓட்டை போட்டு எண்ணெய் ஏத்தச் சொல்லி யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க. உள்கம்பிக்குத் தொழிற்சாலையிலேயே கிரீஸ் போட்டு அடைச்சுத்தான் தர்றாங்க. மெல்லிய எண்ணெய் அதைக் கரைச்சுடும், ஓட்டை வழியா உப்புத்தண்ணி போகும், கம்பி துரு பிடிச்சு உறைக்குள்ளேயே உப்பிக்கும். உறை வெடிச்சுப் பழுப்பு நீர் கசிஞ்சாலும் அதே கதிதான். ரிப்பேர் கிடையாது, மாத்தணும்.

மாத்துறதா இருந்தா பழைய கேபிள் உறையில இருக்கிற நம்பரைப் பாருங்க. டெலிஃப்ளெக்ஸ் பிராண்ட் வகையில கடைசி ரெண்டு இலக்கம்தான் அடிக்கணக்கு. அழிஞ்சிருந்தா அளக்கணும்: சக்கர மையத்துல இருந்து போட்டோட பக்கச் சுவர் வரைக்கும், அங்கிருந்து பின்பலகை வரைக்கும், அங்கிருந்து இன்ஜின் நடு வரைக்கும். மூணையும் கூட்டி, ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் 4 அங்குலம் கழிச்சு, டில்ட் டியூபுக்காக 6 அங்குலம் கூட்டி, அடுத்த முழு அடிக்கு ஏத்திக்கணும். உதாரணமா 2½ + 9½ + 3 = 15 அடி, அதாவது 180 அங்குலம். ரெண்டு வளைவுக்கு 8 போனா 172, 6 கூட்டினா 178. 15 அடி கேபிள் வாங்கணும். எந்த வளைவும் 8 அங்குல ஆரத்துக்குக் குறையக் கூடாது, குறைஞ்சா புதுக் கேபிளும் இறுக்கமாத்தான் இருக்கும். கேபிள் உங்க ஹெல்முக்குப் பொருந்துற வகைதானான்னும் பார்த்து வாங்குங்க.

பதில்: டிரான்சம் போல்ட்

டிராக் லிங்கைத் திரும்ப மாட்டும்போது பழைய நைலாக் நட்டை (உள்ள நைலான் வளையம் இருக்கிற நட்டு) போடாதீங்க. நைலான் ஒருதடவை கடிச்சிட்டா அடுத்த தடவை பிடிக்காது. புது நட்டு போடுங்க, இறுக்குற அளவு அந்த இன்ஜின் கையேட்டுல இருக்கும். மாட்டின பிறகு லிங்க் ரெண்டு முனையிலும் தடையில்லாம அசையணும். தண்ணியில இறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க, இன்ஜினைத் தூக்கி வெச்சும் ஒருதடவை திருப்புங்க. கேபிள் எங்க இழுபடுதுன்னு அப்பத்தான் தெரியும்.

இதெல்லாம் சரியாகி, வேகத்துல போகும்போது மட்டும் ஒரு பக்கம் கனமா இருந்தா அது வேற விஷயம். புரொப்பல்லருக்கு மேல தகட்டுக்கடியில இருக்கிற டிரிம் டேப்பை (சின்னத் துடுப்பு மாதிரி இருக்கும்) பாருங்க. சக்கரம் எந்தப் பக்கம் சுலபமாத் திரும்புதோ, அந்தப் பக்கம் டேப்போட பின்முனையைக் கொஞ்சம் திருப்பணும்.

அலைவாய்க்கரை

ராடு வந்துடுச்சு. டியூபுக்குள்ள இருந்து ஒரு கைப்பிடி கிரீஸ் வந்தது. ஆனா ராடுல நகம் மாட்டுற மாதிரி மூணு குழி, அதுவும் உள்ள போய் வர்ற இடத்துலயே. 15 அடி கேபிள் சொல்லியாச்சு. பழசை உருவினா புதுசு அந்த வழியில போகுமா? தரைக்கடியில கண்ணுக்கே தெரியல.

பதில்: கடலோர ஒர்க்‌ஷாப்

பழைய கேபிளோட ஹெல்ம் முனையில நைலான் கயிறு கட்டி, டேப் சுத்தி, பின்பக்கமா உருவுங்க. கயிறு உள்ள தங்கும். புதுக் கேபிளோட ஹெல்ம் முனையை அந்தக் கயித்துல கட்டி, ஒருத்தர் முன்னாடி இழுக்க, ஒருத்தர் பின்னாடி இருந்து தள்ளுங்க. மாட்டுச்சுன்னா முறுக்காதீங்க, ஒரு அடி பின்னாடி வாங்கி மறுபடி விடுங்க. அடுத்த அக்டோபர்ல கரையேத்துறப்ப இன்ஜினைத் திருப்பி, ராடு முழுக்க உள்ள இருக்கிற மாதிரி நிறுத்திடுங்க.