பேப்பர் பட்டியலில் 40-வது பெயர்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வைகைக்கரை

பிஎச்டி-க்குக் கைடு தேடிக்கொண்டிருந்த நேரம். உயிரிப்புள்ளியியல் (மருத்துவ, உயிரியல் ஆய்வுகளுக்கான புள்ளியியல்) பேராசிரியர் ஒருவரின் பேப்பர் பட்டியலை, அதாவது ஆய்வுக் கட்டுரைப் பட்டியலை எடுத்து ஒரு ராத்திரி முழுக்க உருட்டினேன். நூற்றைத் தாண்டிப் போனது. ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு, பைபோலார் என்கிற இருதுருவ மனநோய், ஆட்டிசம்... ஒரே ஆள் இத்தனை நோயையா ஆராய்வார்? பெரும்பாலானவற்றில் பெயர் 40-வது, 90-வது இடத்தில். கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று சித்தப்பா பெரியப்பா எல்லோரையும் போடுவார்களே, அந்த மாதிரி என்று நினைத்து மூடிவிட்டேன்.

சீனியர் அக்கா ஒருவர் 2014-ல் நேச்சர் இதழில் வந்த ஸ்கிசோஃப்ரினியா பேப்பரைத் திறந்து காட்டினார். நோயுள்ளவர்கள் 36,989 பேர், ஒப்பிட 1,13,075 பேர், ஜீனோமில் (மொத்த மரபுத் தொகுப்பில்) நோயோடு தொடர்புள்ள 108 இடங்கள். ஆசிரியர் என்ற இடத்தில் ஆள் பெயரே இல்லை. சைக்யாட்ரிக் ஜீனோமிக்ஸ் கன்சார்டியம் என்ற, மனநோய்களின் மரபணுக்களை ஆராயும் கூட்டமைப்பின் குழுப் பெயர்தான். ஆட்கள் கட்டுரையின் பின்னால் வருகிறார்கள், அதிலும் முதல் சிலரைத் தாண்டினால் ஆங்கில அகரவரிசை. “எத்தனையாவது பெயர் என்று எண்ணாதே. யார் என்ன செய்தார் என்று கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படி” என்றார். அந்தப் பேராசிரியரின் பேப்பர்களைத் திரும்ப எடுத்தேன். ‘புள்ளியியல் பகுப்பாய்வு’ என்ற வரியில் ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர்தான். அவர் எல்லாவற்றிலும் இருந்தார்.

உங்களுக்கு இப்படி யாரையாவது தெரியுமா?

டேட்டா கூலி

தெரியுமாவா? மூன்று வருடம் ஒரு புள்ளியியல்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

நோயாளிகளின் ஜீனோமை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்ட எங்கள் முதல் ரிசல்ட் வந்த அன்று லேபில் ஸ்வீட் வாங்கிவிட்டார்கள். வரைபடத்தில் புள்ளிகள் கோபுரம் கோபுரமாக நின்றன. பத்து லட்சம் இடங்களைச் சோதித்தால் ‘தற்செயலாக வரும் வாய்ப்பு 0.05-க்குக் கீழ்’ என்ற வழக்கமான கோடு செல்லாது, அதைப் பத்து லட்சத்தால் வகுத்து 0.00000005-க்குக் கீழே வந்தால்தான் பேச்சே. எங்களுடையது அதையும் தாண்டி நின்றது. புள்ளியியல்காரர் ஸ்வீட்டைத் தொடவில்லை. “நோயாளிகளின் சாம்பிள் எந்த மாதம் ஓடியது? மற்றவர்களுடையது?” என்று மட்டும் கேட்டார். இரண்டுக்கும் நடுவில் ஜீன்களைப் படிக்கிற சிப் மாறியிருந்தது! நாங்கள் கண்டுபிடித்தது நோயை அல்ல, சிப் மாறியதை. கோபுரம் எல்லாம் ஒரே மதியத்தில் சரிந்தது.

அந்த வேலை அவருடைய பட்டியலில் ஒரு வரியாகக்கூட இல்லை. வெளிவராத பேப்பருக்கு ஏது வரி?

இன்னொன்று, எக்ஸெல். செப்ட்2 என்று ஒரு ஜீன் இருந்தது. எக்ஸெல் அதைச் செப்டம்பர் 2 ஆக்கிவிடும். மார்ச்1 ஜீனுக்கும் அதே கதி. கடைசியில் 2020-ல் ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள். அப்போது எக்ஸெல்லை யாரால் திருத்த முடிந்தது.

ஆய்வகப் பூனை

என் எம்எஸ்சி ப்ராஜெக்ட், மனச்சோர்வு நோயும் (டிப்ரஷன்) செரடோனின் டிரான்ஸ்போர்ட்டர் ஜீனும், அதாவது மூளையில் செரடோனின் என்ற ரசாயனத்தைக் கையாளும் ஒரு ஜீனும். 2003-ல் சயின்ஸ் இதழில் நியூசிலாந்தின் டனீடன் நகரத்து 847 பேரை வைத்து, இந்த இரண்டையும் இணைத்து வந்த பேப்பர்தான் எங்களுக்கு வேதம். நூற்றிச் சொச்சம் பேரை வைத்து 0.04 எடுத்தோம், கைதட்டல் கிடைத்தது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த புள்ளியியல் மேடம் மட்டும், “எத்தனை விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்கள்?” என்றார். பொய் சொன்னேன்.

2019-ல் பார்டர் குழுவின் பேப்பர் வந்தது. மனச்சோர்வுக்கு அதிகம் ஆராயப்பட்ட 18 ஜீன்கள், சில கணக்குகளில் நாலு லட்சத்துக்கு மேல் ஆட்கள். மற்ற ஜீன்களைவிட இந்த 18-க்கு ஒரு விசேஷமும் இல்லை. படித்துவிட்டு மேடத்தின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். ‘தொடர்பு தெரியவில்லை’ என்று முடிகிற பேப்பர்கள் அங்கங்கே இருந்தன. அவற்றுக்கு மேற்கோள்கள் குறைவு. என் கணக்கில் அந்தப் பட்டியலிலேயே கனமானவை அவைதான்.

ஒரு அப்பா

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. மூத்தவனுக்கு மனச்சிதைவு. ஒரு கூட்டத்தில் பேச வந்த புள்ளியியல்காரர் ஒருவரிடம், “இத்தனை பேப்பர் போட்டிருக்கிறீர்களே சார், சின்னவனுக்கும் வருமா என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா?” என்று கேட்டேன்.

“முடியாதுங்க” என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஜீனோமின் ஒவ்வோர் இடமும் நோயின் பக்கம் ஒரு துளிதான் தள்ளும், 2014 கணக்கில் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஆளுக்கு ஆள் நோய் வாய்ப்பு மாறுவதில் ஏழு சதவீதம்தான் விளங்கியது, அதுவும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து, நம்மவருக்கு அந்தக் கணக்கு இன்னும் மங்கல் என்றார். சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து தென்னிந்தியர்களிடம் செய்த ஆய்வு 2019-ல் வந்ததையும், நியாசின் என்ற வைட்டமினோடு சம்பந்தப்பட்ட ஒரு ஜீன் அதில் தெரிந்ததையும் சொன்னார். “டெஸ்ட் இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் பணம் கொடுக்காதீர்கள்” என்றார். அன்று ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. அப்பா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

சொல்ல மறந்துவிட்டேன், அதே பேராசிரியரிடம்தான் சேர்ந்தேன். முதல் வாரம் முழுக்க எக்ஸெல் ஃபைல்களில் செப்டம்பர் 2-ஐத் தேடிக்கொண்டிருந்தேன். பதினொன்று கிடைத்தது.