மும்பைக் கல்யாணம்: டிக்கெட் போடுறதுக்கு முன்னால

சுடலை மாமா (தாராவி): எல்லாரும் இன்னைக்கு டிக்கெட் போடப் போறதா தங்கச்சி சொல்லுச்சு. அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கிடுங்க. மும்பைக்கு இப்போ ரெண்டு ஏர்போர்ட். பழையது சாந்தாகுரூஸ், அந்தேரி பக்கம் இருக்கு, கோடு பி.ஓ.எம். புதுசு நவி மும்பை, உல்வேயில இருக்கு, கோடு என்.எம்.ஐ. 2025 டிசம்பர் 25-லருந்து விமானம் ஓடுது. ஆப்ல மும்பைன்னு அடிச்சா ரெண்டும் கலந்து வரும். விலையை மட்டும் பாத்து அமுக்கிராதீங்க.

இசக்கி: என்.எம்.ஐ.ல இறங்குனா தாராவிக்கு எப்படி மாமா?

சுடலை மாமா (தாராவி): அடல் சேதுங்குற கடல் பாலம் வழியா சிவ்டி வந்து அங்கருந்து மேல ஏறணும். டாக்ஸி வாடகைக்கு மேல டோல் ஒரு வழிக்கு 250 ரூபா. வாஷி பாலம் வழியா வந்தா காருக்கு டோல் கிடையாது, 2024 அக்டோபர்ல எடுத்துட்டாங்க. ஆனா சாயங்காலம்னா மான்கூர்டு, செம்பூர்ல நின்னு நின்னுதான் வரணும். 12 பேருக்கு மூணு வண்டி ஆகும். டிக்கெட்ல மிச்சம் பிடிச்சது ரோட்டுல போயிரும்.

சுடலை மாமா (தாராவி): பழைய ஏர்போர்ட்டுன்னா மெட்ரோ இருக்கு. மூணாம் லைன், ஆரேலருந்து கஃப் பரேடு வரை, தரைக்கு அடியில ஓடுறது. டி2 வாசல்ல ஏறி அப்படியே தாராவி ஸ்டேஷன்ல இறங்கலாம், மாறவே வேண்டாம். முழு லைனுக்கே கூடின டிக்கெட் 70 ரூபாதான். கடைசி வண்டி ராத்திரி பத்தரை. அதனால ஒன்பது மணிக்குள்ள தரை இறங்குற ஃப்ளைட்டா பாருங்க. பெல்ட்டுல பெட்டி வர அரை மணி, முக்கா மணி ஆயிரும்.

கலா மைனி: டி1, டி2ன்னா என்ன மாமா? ரெண்டும் ஒரே இடம்தானே?

சுடலை மாமா (தாராவி): இல்லம்மா. ரன்வே ரெண்டுக்கும் பொதுதான், கட்டடம் வேற வேற. டி2 சகார் பக்கம், டி1 சாந்தாகுரூஸ் பக்கம். ரோட்டுல நாலஞ்சு கிலோமீட்டர் சுத்தணும். இண்டிகோ ரெண்டுலயும் ஓடுது, ஏர் இந்தியா டி2. போகும்போது டி2ல இறங்குனதால திரும்பும்போதும் டி2ன்னு நினைச்சுப் போயி நின்னுறக் கூடாது. திரும்புற டிக்கெட்ட தனியா பாக்கணும், கிளம்புறதுக்கு முந்தின நாள் இன்னொரு தடவையும் பாக்கணும். மெட்ரோலயும் டி1க்கும் டி2க்கும் தனித்தனி ஸ்டேஷன்.

பெரியப்பா: சுடலை, நாங்க மதுரையில ஏறுறதா திருவனந்தபுரத்துல ஏறுறதா?

இசக்கி: பெரியப்பா, திருநெல்வேலியிலருந்து ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். திருவனந்தபுரத்துலருந்து மும்பைக்கு ஃப்ளைட் கூட. ஆனா நாகர்கோவில் தாண்டினா ரோடு சின்னது, எந்நேரமும் வண்டி நெரிசல். மதுரைக்கு நாலுவழிச் சாலை, நேரத்தக் கணக்குப் பண்ண முடியும். ஊருக்குள்ளயும் போக வேண்டாம், கப்பலூர்ல திரும்பி ரிங் ரோட்டுலயே ஏர்போர்ட் போயிரலாம். பஸ்ல வாரவங்க மாட்டுத்தாவணி வரைக்கும் போகாதீங்க. மண்டேலா நகர்ல இறங்குனா ஆட்டோல பக்கம்.

இசக்கி: மதுரையிலருந்து நேரடி ஃப்ளைட்ட மட்டும்தான் பாக்கேன். சென்னை மாறிப் போறது சில நாள் சல்லிசா வரும். அப்படிப் போட்டாலும் ரெண்டும் ஒரே பி.என்.ஆர்-ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல இருக்கணும். தனித்தனியா போட்டு முதல் ஃப்ளைட் லேட் ஆச்சுன்னா ரெண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க. பெட்டியையும் சென்னையில எடுத்து மறுபடி போடணும்.

சுடலை மாமா (தாராவி): ஞாயித்துக்கிழமை கல்யாணம்னா வெள்ளிக்கிழமையே வந்துருங்க. சனி ராத்திரி ஃப்ளைட் வேண்டவே வேண்டாம். ஆவணியிலயும் இங்க மழை விடாது. பழைய ஏர்போர்ட்டுல ரெண்டு ரன்வேயும் ஒண்ண ஒண்ணு குறுக்க வெட்டுது, ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓட்ட முடியும். பெரிய மழை பிடிச்சுட்டா வரிசை அப்படியே தேங்கிரும். மேல சுத்திட்டு நிக்கும், இல்ல அகமதாபாத், ஹைதராபாத்துன்னு திருப்பி விட்ருவாங்க. வெள்ளிக்கிழமை அப்படி ஆனா தாங்கிக்கிடலாம், சனிக்கிழமை ஆச்சுன்னா முகூர்த்தம் போயிரும்.

பெரியப்பா: லேட் ஆனா சாப்பாடு தருவாங்களா? பெரியம்மாவுக்கு சர்க்கரை இருக்கு.

இசக்கி: மதுரை மும்பை ரெண்டு மணி நேரம்போல ஆகுற ஃப்ளைட். இந்த மாதிரி தூரத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா கம்பெனி சாப்பாடோ டிபனோ கொடுக்கணும், விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்குற அரசு அமைப்பு டி.ஜி.சி.ஏ-வோட விதி இருக்கு. கவுண்டர்ல கேட்டு வாங்கணும், தானா வராது. பெரியம்மா மாத்திரை, இன்சுலின், மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையிலயே இருக்கட்டும். பெட்டியில போட வேண்டாம்.

இசக்கி: பெரியம்மாவுக்கு முட்டு வலி இருக்கதால டிக்கெட் போடும்போதே வீல்சேர் சேத்துருதேன். கடைசி நேரத்துல கேட்டா காத்து நிக்கணும். மும்பையில இறங்குனதும் ஆள் வந்து பெட்டி எடுக்குற இடம், வாசல் வரைக்கும் தள்ளிட்டு வருவாங்க. பெரியம்மாவும் பெரியப்பாவும் அங்கருந்து டாக்ஸி, மெட்ரோ வேண்டாம்.

இசக்கி: இப்போ முக்கியமான விஷயம், எல்லாரும் நிதானமா படிங்க. பேரு. டிக்கெட்ல முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம். நம்ம ஆளுகளுக்கு இனிஷியல்தான் உண்டு. கடைசிப் பேருல வெறும் ‘சு’ன்னு ஒரு எழுத்து போட்டா சில ஆப் ஏத்துக்கிடாது. ஆதார்ல ‘சு. முருகேசன்’னு இருந்தா முதல் பேருல முருகேசன், கடைசிப் பேருல அப்பா பேரை முழுசா போடுதேன். ஆதார்ல முகவரியோட அப்பா பேரும் பெரும்பாலும் இருக்கும், அப்படி இருந்தா வாசல்ல கேள்வி வராது. இனிஷியலே இல்லாத ஒத்தப் பேருன்னா கம்பெனி சொல்லுற மாதிரி போடணும், பல இடத்துல ரெண்டு கட்டத்துலயும் அதே பேருதான். வீட்டுல கூப்பிடுற பேரை யாரும் அனுப்பாதீங்க.

செல்வி: கல்யாணத்துக்கு அப்புறம் ஆதார்ல அவுக பேரைச் சேத்துருக்கேன், வோட்டர் ஐடியில எங்கப்பா பேரு. எது?

இசக்கி: எதைக் கையில கொண்டு வாறியோ அதுல உள்ளபடி அக்கா. ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணி அதையே கொண்டு வா. எழுத்து மாறி விழுந்தா 24 மணி நேரத்துக்குள்ள சொல்லிருங்க, கம்பெனி தளத்துலயே நேரா போட்ட டிக்கெட்டுக்கு அதுவரைக்கும் பேர் திருத்தக் காசு கிடையாது. அதுக்குத்தான் வேற ஆப்ல போடல. ஆதார் படத்தை இந்தக் குரூப்ல போடாதீங்க, எனக்குத் தனியா அனுப்புங்க.

கலா மைனி: பாப்பாவுக்கு தம்பி?

இசக்கி: போற நாளும் வார நாளும் ரெண்டு வயசு முடியாம இருந்தா மடியில வச்சுக்கிடலாம் மைனி. பிறப்புச் சான்றிதழ் வேணும். அதுல பாப்பா பேரு ஏறியிருக்கான்னு பாருங்க. ஆஸ்பத்திரியிலருந்து பதிஞ்ச சான்றிதழ்ல பேரு இடம் காலியா இருக்கும், பாதிப்பேர் பேரு சேக்காமலே விட்டுருப்பாங்க. இப்பவே முனிசிபாலிட்டியில சேத்துட்டா நிம்மதி. பால், வெந்நீர், பாப்பா சாப்பாடு எல்லாம் உள்ள விடுவாங்க.

பெரியப்பா: சீர் சாமான் எப்படிக் கொண்டு போறது?

இசக்கி: ஆளுக்கு 15 கிலோ பெட்டி, கையில 7 கிலோ. குத்துவிளக்கு பெட்டியிலதான். திருகு கழட்டி அஞ்சு துண்டாக்கி ஒவ்வொண்ணையும் சேலையில சுத்துங்க, மேல் முனை வளையாம இருக்கும். ஜோடி விளக்க ஒரே பெட்டியில வச்சா எடை அதுலயே முடிஞ்சுரும், ரெண்டு பெட்டியில பிரிச்சுருங்க. வீட்டுத் தராசுல 14க்கு மேல ஏத்தாதீங்க. நகை பெட்டியில போகவே கூடாது, கைப்பைதான்.

இசக்கி: கற்பூரம், தீப்பெட்டி, கொப்பரை ரெண்டுலயும் ஆகாது, எல்லாம் லேசா தீப்பிடிக்குற சாமான். கொப்பரையில எண்ணெய் இருக்குல்லா, அதான். தேங்காய் அங்கயே வாங்கிக்கிடுவோம்.

சுடலை மாமா (தாராவி): தேங்காய், வாழை இலை, வெத்தலை எல்லாம் மாட்டுங்காவுல கிடைக்கும். மல்லிப்பூ மட்டும் மதுரையிலருந்து கொண்டு வாங்க.

செல்வி: பூவை மொட்டா வாங்கி நெருக்கிக் கட்டணும் மாமா, விரிஞ்சதுன்னா ராத்திரிக்குள்ள பழுத்துரும். தண்ணி தெளிக்காம வாழை இலையில சுத்தி தெர்மாகோல் பெட்டியில வச்சா வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நிக்கும். முகூர்த்தம் ஞாயித்துக்கிழமை, அதனால வந்ததும் பிரிட்ஜ்ல வைக்கணும்.

இசக்கி: அல்வாவும் ஊறுகாயும் பெட்டியில. அல்வாவ டின்ல போட்டு ரெண்டு பிளாஸ்டிக் கவர் கட்டுங்க, நெய் கசிஞ்சா பட்டுச்சேலை போச்சு. பவர் பேங்க் நேரெதிர், கையிலதான், பெட்டியில இருந்தா திறந்து எடுக்கச் சொல்லுவாங்க. 100 வாட் அவர் வரை சரி. 20,000 எம்.ஏ.எச்-னா 74 வாட் அவர்தான் வரும், பயப்பட வேண்டாம். எழுத்து அழிஞ்சு போன பவர் பேங்க கொண்டு வராதீங்க, அளவு தெரியலன்னா பிடிச்சு வச்சுருவாங்க.

சுடலை மாமா (தாராவி): இங்க வந்த பிறகு ரெண்டு விஷயம். ஒண்ணு, ஞாயித்துக்கிழமை சென்ட்ரல், ஹார்பர் லைன்ல மெகா பிளாக் இருக்கும். பகல்ல பல மணி நேரம் லோக்கல் ஓடாது, இல்ல வேற தண்டவாளத்துல ஓடி சில ஸ்டேஷன்ல நிக்காது. எந்த இடத்துலன்னு வார கடைசியில அறிவிப்பாங்க, நான் போடுதேன். மண்டபம் கிங்ஸ் சர்க்கிள் பக்கம், நீங்க எல்லாரும் டாக்ஸியிலதான் போறீங்க. சயான் தாண்டினா ஆட்டோ கிடையாது, காளி பீலிங்குற கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான்.

சுடலை மாமா (தாராவி): ரெண்டாவது மழை. கிங்ஸ் சர்க்கிள்ல காந்தி மார்க்கெட் முன்னால தண்ணி தேங்குறது இந்த ஊருல எல்லாருக்கும் தெரியும். பலத்த மழையும் கடல் ஏத்தமும் ஒரே நேரத்துல வந்தாத்தான் ஆபத்து, கடல் மட்டம் ஏறி நிக்கும்போது வடிகால் தண்ணி வெளிய போகாது. ஏத்தம் நாலரை மீட்டர் தாண்டுற நாளா, எத்தனை மணிக்குன்னு மாநகராட்சி முன்கூட்டியே சொல்லிரும். முகூர்த்தம் அன்னைக்கு அந்த நேரம் பாத்து சமையல் சாமானும் வயசானவங்களும் அதுக்கு ஒரு மணி நேரம் முன்னால மண்டபத்துக்குள்ள போயிரணும்.

பெரியப்பா: திங்கக்கிழமை எலிபெண்டா தீவுக் குகை பாக்கலாம்னு பிள்ளைக சொல்லுது.

சுடலை மாமா (தாராவி): திங்கக்கிழமை குகை லீவு அத்தான். போகணும்னா செவ்வாய். கடல் கொந்தளிப்பா இருந்தா படகும் விட மாட்டாங்க. லைஃப் ஜாக்கெட் போடாம யாரையும் ஏத்தக் கூடாது, பாப்பாவுக்கு ஏத்த அளவு இருக்கான்னு ஏறுறதுக்கு முன்னாலயே கேளுங்க. இல்லைன்னா நீங்க ஏறாதீங்க.

இசக்கி: அப்போ திரும்புறது புதன்கிழமை போடுதேன். வெள்ளி போறது மதுரை, பி.ஓ.எம், டி2. பத்து பேர் ஆதார் வந்துட்டு. பெரியம்மா ஆதாரும் பாப்பா சான்றிதழும்தான் பாக்கி, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்துட்டா எல்லாருக்கும் சேத்துப் போட்ருவேன்.

கலா மைனி: சான்றிதழ்ல பேரு இருக்கு தம்பி, இப்போ தனியா அனுப்பிட்டேன்.