வீடு கட்டும்போதே நீரைச் சேமிக்க எதை முதலில் முடிவு செய்வது?

மேடவாக்கம் வாசி:
அரை கிரவுண்டு மனையில் கீழ்த்தளமும் மேல்தளமுமாக வீடு கட்டி வருகிறேன். வேலை பிளிந்த் பீம் (அடித்தளத்துக்கு மேல், தரைமட்டத்தில் வரும் கான்கிரீட் உத்தரம்) வரை வந்துள்ளது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருப்பதால் லாரித் தண்ணீரை வாங்குகிறோம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது நாங்கள் பட்ட பாட்டை என் பிள்ளைகளும் படக்கூடாது என்பதற்காகவே பசுமைக் கட்டடமாக அமைக்க விரும்புகிறேன். கையில் உள்ள பணம் குறைவு. எதை இப்போதே செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்?

கட்டுமானப் பொறியாளர்:
ஐயா, குழாய்முனைகளையும் ஷவரையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போகும் குழாய்களைப் பிறகு மாற்றுவதென்றால் உடைக்கத்தான் வேண்டும். ஆகவே கழிப்பறை, சமையலறைக் கழிவுநீர் ஒரு வழியாகவும், குளியலறை, வாஷிங் மெஷின் நீர் மற்றொரு வழியாகவும் வெளியேறும்படி இந்த வாரமே பிளம்பருக்கு வரைந்து கொடுங்கள். ஃபிளஷ் தொட்டிகளுக்கு மாடியிலிருந்து தனிக் குழாய் இறக்கிவிடுங்கள். குளியல் நீரைச் சுத்திகரித்து அந்தக் குழாய்க்கு அனுப்பும் அமைப்பைப் பணம் சேர்ந்த பிறகு இணைக்கலாம்.

க்யூரிங்கில், அதாவது கான்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைத்திருப்பதில், வீணாகும் நீரையும் கவனியுங்கள். ஹோஸ் பிடித்து அடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி மண்ணுக்குத்தான் போகிறது. தூண்களுக்கு ஈரச் சாக்கைச் சுற்றி அதன்மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டினால் ஈரம் நெடுநேரம் நிற்கும்; தளத்தில் பாத்தி கட்டித் தேக்குங்கள். ஆனால், சிக்கனம் என்று நாள்களைக் குறைத்துவிடாதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள்கள், கலப்புச் சிமெண்டுக்கும் வெயில் மிகுந்த காலத்துக்கும் குறைந்தது 10 நாள்கள் ஈரம் காய விடக்கூடாது. உங்கள் உப்பு நீரை ஆய்வகத்தில் சோதிக்காமல் தொடாதீர்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

கல்வாழைத் தோட்டம்:
எங்கள் வீட்டில் குளியல் நீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக மண்ணுக்குள் விடுகிறோம். முதல் ஆண்டில், முடியைத் தடுக்கும் வலையை வைக்காததால் சரளை அடைத்துக்கொண்டு நாற்றம் எடுத்தது. முழுவதையும் தோண்டிக் கழுவ நேர்ந்தது. இந்த நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்காதீர்கள். சமையலறை நீரில் எண்ணெய் இருப்பதால் அதைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் அனுபவமும்.

மழைக்கணக்கு:
1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. உங்கள் மாடி 90 சதுர மீட்டர் என்றால், வீணாவது போக ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களில் கொட்டிவிடுவதால் சம்ப் (தரைக்கு அடியிலுள்ள தொட்டி) மட்டும் போதாது. வழிந்தோடும் நீரை மண்ணுக்குள் இறக்க, சிமெண்ட் வளையங்களை (உறைகளை) அடுக்கி அமைக்கும் உறைக்கிணறு வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம் என்றாலும், பெயருக்கு ஒரு குழி தோண்டிக் கல்லை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். களிமண் அடுக்கைத் தாண்டி நீர் இறங்கும் மணல் அடுக்கு வரை உறை இறக்கச் சொல்லி, அருகில் நின்று பாருங்கள்.

மேடவாக்கம் வாசி:
அனைவருக்கும் நன்றி. கழிவுநீர்க் குழாய்களைப் பிரித்து வரையச் சொல்லிவிட்டேன். உறைக்கிணற்றைக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி அமைப்பது என்று மட்டும் சொல்லுங்கள்; மனையின் பின்பக்கம் குறுகலாக இருக்கிறது.

கட்டுமானப் பொறியாளர்:
பின்பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டி இருக்கட்டும், ஐயா; உறைக்கிணற்றை முன்வாசல் பக்கம் கொண்டு வந்து, மனை அனுமதிக்கும் அளவுக்கு விலக்கி வையுங்கள்.