நிதி திரட்டும் பாட்டு நிகழ்ச்சிகளில் மறக்க முடியாதது எது?

வளவுக்காரன்:
முதியோர் இல்லத்துக்காக எங்கள் சேர்ந்திசைக் குழு பாடியதைத்தான் சொல்கிறேன். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு வளவு, அதாவது உள்முற்றம். பாடியவர்களில் பாதி திருப்புகழ் சபை ஆட்கள், மீதி சர்ச் கொயரில் பழகியவர்கள். நான் கடைசி வரிசை, பேஸ் என்கிற கீழ்க்குரல். பாட்டு நடக்கும்போதே வசூலுக்கு ஒரு தூக்குவாளி சுற்றி வந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் ஐந்நூறு ரூபாய்த் தாளைப் போட்டார். அப்புறம் நிதானமாகக் கையை உள்ளே விட்டு நூறு ரூபாய்த் தாளாக நான்கு எடுத்தார். எச்சில் தொட்டு எண்ணினார். நாங்கள் போட்ட தாளத்துக்கு அவர் விரல் சரியாக விழுந்தது! தூக்கு பிடித்திருந்த பையன் அவருக்கு வசதியாக இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தான். பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட, எங்கள் வரிசைக்கே சுருதி இறங்கிவிட்டது. எல்லோர் முன்னாலும் அப்படி எடுக்கலாமா?

ஆல்ட்டோ_அக்கா:
சிரித்ததாலா சுருதி இறங்கியது? முதல் பாட்டிலிருந்தே இறங்கித்தான் இருந்தது, தம்பி. நான் முன்னால் நின்றவள்.

பள்ளத்தூர்ப் பேத்தி:
நூறு போட நினைத்தவர் நூறு போட்டிருக்கிறார், இதில் என்ன குற்றம்? கோயில் தட்டில் சில்லறை மாற்றாதவர் யார்? எனக்கு உறுத்துவது வேறு. இல்லத்து ஆச்சிமார்களையும் வேனில் அழைத்து வந்து பட்டாலையில், வளவை ஒட்டிய மேடான திண்ணையில், உட்கார வைத்திருந்தார்கள். அவர்களிடம் கேட்கக்கூடாது என்று தூக்கை அவர்கள் வரிசையை விட்டுத் தாண்டிக் கொண்டுபோனார்கள். ஒரு ஆச்சி பாட்டுக்கு மேலே சத்தம் போட்டார்: "ஏன்டா, என்னைத் தாண்டிப் போறே? நான் மொய் எழுத மாட்டேனா?" பையன் திரும்பி வந்தான். முந்தானை முடிச்சை அவிழ்க்க அவருக்கு நேரம் பிடித்தது. அதுவரை அவன் குனிந்தே நின்றான். அவர்களுக்காகத்தான் பாடுகிறோம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போல. சொல்லாதது நல்லதுதானா என்று இன்னமும் யோசிக்கிறேன்.

தேவகோட்டைக் கணக்கர்:
எங்கள் ஊர் நிகழ்ச்சியில் கரண்ட் போய், இருட்டில் எல்லோரும் வடை தின்றோம். அது கிடக்கட்டும். இந்தத் தூக்கு வேலையே வேண்டாம் என்கிறேன். வியாபாரத்தில் மகமை என்று தர்மத்துக்கு ஒதுக்கிக் கணக்கு எழுதிய ஊர் இது. கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் புள்ளி வரி வாங்கினாலும் ஏட்டில் ஏறும். பாட்டுக்கு மட்டும் ஏன் கணக்கில்லாத தூக்கு? வாசல் முகப்பில் மேசை போடுங்கள், பெயர் எழுதி ரசீது கொடுங்கள், சில்லறைக்கு ஒருவரை உட்கார வையுங்கள். ஐந்நூறுக்கு நானூறு அங்கேயே கிடைத்துவிடும், பேஸ்காரர்களும் சிரிக்க மாட்டார்கள். பெரிய தொகை தருபவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி கழிவு, அதாவது நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு, கிடையாது, செக்கோ யுபிஐயோதான். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். இல்லத்துக்கு 80ஜி பதிவு உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு இல்லாமல் நோட்டீஸில் அச்சடித்துவிட்டு முழிப்பவர்கள் நிறைய. வசூலைப் பாட்டு முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வளவில் ஆத்தங்குடிக் கல் தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் இருந்தால் சத்தம் முட்டித் திரும்பும், வார்த்தை புரியாது. மைக்கைக் குறைத்து ஜமக்காளம் விரியுங்கள். பாத்திர வாடகைக் கடையிலேயே கிடைக்கும்.